மூச்சுப் பரிசோதனையில் ‘நார்மல்’ என்பது யாருடைய அளவு?



அம்பத்தூரில் நாங்கள் நடத்திய மருத்துவ முகாமுக்கு, தொழிற்பேட்டையில் பாலிஷ் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் 28 வயது இளைஞர் ஒருவர் வந்திருந்தார். மடித்து மடித்துக் கசங்கிய ஒரு தாளை நீட்டினார். வேறொரு கம்பெனியில் வேலைக்குச் சேருவதற்கு முன் எடுத்த மூச்சுப் பரிசோதனை அறிக்கை அது. ‘78 சதவீதம்’ என்ற எண்ணைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்கள். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. “பாய், என் நுரையீரல்ல கால்வாசி போயிடுச்சா? கல்யாணம் பேசியிருக்காங்க. பொண்ணு வீட்டுல சொல்லணுமா?” என்று கேட்டார்.

அதே நாளில் ஆவடியிலிருந்து 56 வயதுப் பெரியவர் ஒருவர் தம் மனைவியுடன் வந்தார். முப்பது ஆண்டுகளாக ஃபவுண்டரியில் வார்ப்பு வேலை. அவருடைய அறிக்கையில் ‘85 சதவீதம், நார்மல்’ என்று இருந்தது. ஆனால் பள்ளிவாசலின் மாடிக்கு ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறது என்றார். “நார்மல்னு எழுதியிருக்காங்களே, வயசாயிடுச்சுன்னு விட்டுட்டேன்.”

நலமாக இருந்தவர் பயந்துபோய் வந்தார். கவலைப்பட வேண்டியவர் நிம்மதியாக இருந்தார். இருவர் அறிக்கையிலும் எண்கள் சரியாகத்தான் அளக்கப்பட்டிருந்தன. அவற்றை எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் சிக்கல். மூச்சுப் பரிசோதனையில் ‘நார்மல்’ அளவு எப்படி உண்டாகிறது, அதை நாம் எவ்வளவு நம்பலாம் என்பதை இந்த இதழில் பாடமாகப் படிப்போம்.

மூன்று வகைச் சோதனைகள்

மூச்சை வெளியே ஊதச் சொல்லிச் செய்யும் சோதனைகளில் மூன்று நமக்கு முக்கியமானவை.

முதலாவது ஸ்பைரோமெட்ரி. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குழாயில் வேகமாகவும் முழுவதுமாகவும் ஊத வேண்டும். மொத்தம் எத்தனை லிட்டர் காற்று வெளியே வந்தது, முதல் ஒரு வினாடியில் எவ்வளவு வந்தது என்று இயந்திரம் அளக்கும். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் முதல் வினாடியில் வரும் காற்று குறையும்.

இரண்டாவது பீக் ஃப்ளோ மீட்டர். மின்சாரம் தேவையில்லாத, கையடக்கமான பிளாஸ்டிக் குழாய். ஊதும் வேகத்தின் உச்சத்தை மட்டும் காட்டும். சில நூறு ரூபாய்க்கு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது.

மூன்றாவது ‘ஃபீனோ’ எனப்படும் நைட்ரிக் ஆக்சைடு சோதனை. வெளிவிடும் மூச்சில் இந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, மூச்சுக்குழாயின் உட்சுவரில் அலர்ஜி வகை வீக்கம் இருக்கிறதா என்று கணிப்பார்கள். இது பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளிலும் நுரையீரல் சிறப்பு மருத்துவர்களிடமும்தான் இருக்கிறது.

எதிர்பார்க்கும் அளவு எங்கிருந்து வருகிறது?

ஸ்பைரோமெட்ரி அறிக்கையில் வரும் சதவீதம், நுரையீரலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்வதல்ல. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வயது, உயரம், ஆணா பெண்ணா என்பவற்றை இயந்திரத்தில் பதிவார்கள். ‘இப்படிப்பட்ட ஆரோக்கியமான ஒருவர் சராசரியாக இவ்வளவு ஊதுவார்’ என்று இயந்திரம் ஓர் அளவை எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஊதியது அதில் எத்தனை பங்கு என்பதே அந்தச் சதவீதம். ஆகவே 78 சதவீதம் என்றால் 22 சதவீத நுரையீரல் போய்விட்டது என்று பொருளல்ல.

அந்த எதிர்பார்ப்பு அளவு யாரோ சிலரை ஊதச் சொல்லி அளந்து உண்டாக்கியதுதான். 1846-இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் தாம் அமைத்த ஸ்பைரோமீட்டரில் 2,000-க்கும் மேற்பட்டவர்களை ஊதச் செய்து அளந்தார். உயரம் கூடக்கூட மூச்சின் அளவும் கூடுகிறது என்று கண்டவர் அவர். அதன் பிறகு நீண்ட காலம், உலகெங்கும் போன இயந்திரங்களில் ஐரோப்பியர், வெள்ளை அமெரிக்கர் ஆகியோரின் அளவுகளே படிக்கல்லாக இருந்தன.

நம் சென்னைக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. சேத்துப்பட்டில் இருந்த காசநோய் ஆராய்ச்சி மையத்தில், மருத்துவர் வி.கே. விஜயனும் அவருடைய குழுவினரும் சென்னையில் வாழும் ஆரோக்கியமான இளம் வயதினரின் நுரையீரல் செயல்பாட்டை அளந்தார்கள். ஆண், பெண் இருவருக்கும் தனித்தனிக் கணக்குகளை உருவாக்கி, 1990-இல் ‘தோராக்ஸ்’ என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஐரோப்பியரின் அளவுகளைவிட நம்மவரின் அளவுகள் குறைவாக இருப்பது அதில் தெரிந்தது. அந்த மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது.

2012-இல் ‘உலக நுரையீரல் செயல்பாட்டு முன்முயற்சி’ என்ற பன்னாட்டுக் குழு, புகைபிடிக்காத 74,187 ஆரோக்கியமானவர்களின் அளவுகளைத் திரட்டி, 3 வயதிலிருந்து 95 வயது வரைக்கும் பொருந்தும் கணக்குகளை வெளியிட்டது. அதில் வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர் என்று நான்கு பிரிவுகள் இருந்தன. இந்தியர்களுக்கென்று தனிப் பிரிவு இல்லை. ‘மற்றவர்கள்’ என்ற பொதுப் பிரிவில்தான் நாம் வந்தோம்.

இப்போது அந்த இளைஞரின் கணக்கைப் பாருங்கள். முதல் வினாடியில் அவர் ஊதியது 3.1 லிட்டர். ஐரோப்பியக் கணக்கு அவரிடம் சுமார் 4 லிட்டர் எதிர்பார்த்தது. அதனால் 78 சதவீதம். நம் மக்களை அளந்து போட்ட கணக்கில் எதிர்பார்ப்பு ஏறக்குறைய 3.4 லிட்டர். அதே மூச்சு அங்கே 91 சதவீதம்.

குறைந்த படிக்கல்லும் தவறான எடையே

அப்படியானால் எல்லோரையும் இந்தியக் கணக்கில் பார்த்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அது முழு விடையாகாது.

நம்மவரின் அளவு ஏன் குறைவாக இருக்கிறது? உடல்வாகு ஒரு காரணம். ஒரே உயரம் உள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் மார்புக்கூடு சிறியதாகவும் இருக்கலாம். ஆனால் தாயின் வயிற்றில் இருக்கும்போதே கிடைக்காத சத்து, சிறுவயதில் வந்த நெஞ்சுச் சளிக் காய்ச்சல், விறகு அடுப்புப் புகை, சாலைப் புகை ஆகியவையும் நுரையீரலின் வளர்ச்சியைக் குறைக்கும். கெட்ட காற்றைச் சுவாசித்தே வளர்ந்தவர்களை அளந்து அதையே ‘நார்மல்’ என்று வைத்துவிட்டால், அந்தக் காற்று செய்த கெடுதல் கணக்கிலேயே வராமல் மறைந்துவிடும்.

இதனால் நீதிமன்றத்தில் வழக்கே நடந்திருக்கிறது. 1999-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் பாதிக்கப்பட்ட தொழிலாளர்கள் இழப்பீடு கேட்டார்கள். கறுப்பினத்தவரின் நுரையீரல் அளவு இயல்பிலேயே குறைவு, ஆகவே அவர்களுக்கு இழப்பீடு தர வேண்டுமானால் இன்னும் அதிகப் பாதிப்பைக் காட்ட வேண்டும் என்று கம்பெனித் தரப்பு வாதாடியது. ஒரே தூசியைச் சுவாசித்த இருவரில் ஒருவருக்கு மட்டும் தராசை மாற்றச் சொன்ன வாதம் அது.

இத்தகைய குறைகளைக் களைய, இனப் பிரிவு எதுவும் இல்லாத ஒரே கணக்கை அந்தப் பன்னாட்டுக் குழு ‘ஜி.எல்.ஐ. குளோபல் 2022’ என்ற பெயரில் உருவாக்கியது. அமெரிக்க மார்பு நோய் மருத்துவர் சங்கமும் 2023-இல் அதைப் பரிந்துரைத்தது. அதிலும் முழு விடை கிடையாது. எந்தக் கணக்கும் மக்களின் சராசரியைத்தான் சொல்லும். அந்தச் சராசரிக்குள் உங்கள் இடம் எது என்று அதற்குத் தெரியாது.

‘நார்மல் எல்லை’ என்ற கோட்டையும் அறிந்துகொள்ளுங்கள். வழக்கமாக, ஆரோக்கியமான 100 பேரில் கடைசி 5 பேருக்கு மேலே அந்தக் கோட்டைப் போடுவார்கள். அதாவது, எந்த நோயும் இல்லாத 100 பேரில் 5 பேர் கோட்டுக்குக் கீழே விழுவார்கள் என்று தெரிந்தேதான் அது போடப்படுகிறது. கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் நோயும் அல்ல, மேலே இருப்பதெல்லாம் நலமும் அல்ல. நோயின் அறிகுறி, செய்யும் தொழில், எக்ஸ்ரே எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு சொல்ல வேண்டும்.

நைட்ரிக் ஆக்சைடு சோதனையில் எல்லை எது?

வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு இருப்பதை 1991-இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சில் அது அதிகம் என்பது 1993-இல் தெரிந்தது. உடலில் இந்த வாயு செய்யும் வேலையைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இந்தச் சோதனையில் மூச்சை வேகமாக ஊதக் கூடாது. வினாடிக்கு 50 மில்லி லிட்டர் என்ற ஒரே சீரான வேகத்தில் பெரியவர்கள் 10 வினாடியும் சிறுவர்கள் 6 வினாடியும் ஊத வேண்டும். வேகம் மாறினால் எண்ணும் மாறிவிடும். 100 கோடிப் பங்கு காற்றில் எத்தனை பங்கு இந்த வாயு என்று கணக்கிட்டு, ‘பி.பி.பி.’ என்ற அலகில் முடிவு தருவார்கள்.

ஆரோக்கியமானவர்களிடையேகூட இந்த அளவு ஆளுக்கு ஆள் மிகவும் மாறுகிறது. வயது, உயரம், அலர்ஜி உடம்பு எல்லாம் அதை மாற்றும். நலமாக இருப்பவர்களின் அளவும் ஆஸ்துமா உள்ளவர்களின் அளவும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. எனவே அமெரிக்க மார்பு நோய் மருத்துவர் சங்கம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ‘நார்மல்’ அட்டவணையை விட்டுவிட்டு வெட்டுப்புள்ளிகளைப் பயன்படுத்தச் சொன்னது. பெரியவர்களுக்கு 25-க்குக் கீழ் என்றால் அலர்ஜி வீக்கம் இருக்க வாய்ப்புக் குறைவு, 50-க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 20-உம் 35-உம். இடையில் உள்ளவற்றை மற்ற விவரங்களோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எண்ணை ஏமாற்றும் காரணங்களும் உண்டு. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த அளவு இறங்கிவிடும். ஆஸ்துமா இருந்தும் எண் குறைவாக வரலாம். மூக்கு அலர்ஜி, சிலவகைக் குடற்புழு ஆகியவை அதை ஏற்றும். சோதனைக்குச் சற்று முன் கீரை, பீட்ரூட் சாப்பிட்டாலும் ஏறும். ஆகவே சோதனைக்கு முந்தைய ஒரு மணி நேரமாவது சாப்பாடு, டீ, காபி, புகை எதுவும் வேண்டாம். ஸ்பைரோமெட்ரியும் அன்றே செய்வதாக இருந்தால் இதை முதலில் செய்யச் சொல்லுங்கள். ரமலான் மாதத்தில் சோதனைக்குச் செல்பவர்கள், ஊதுவது மட்டும்தானா அல்லது இடையில் இன்ஹேலர் மருந்தும் தருவார்களா என்று முன்பே கேட்டு, அதற்கேற்ப நேரத்தை வைத்துக்கொள்ளலாம்.

நம் பகுதிக்கென்று அளவு எடுப்பதானால்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்களுக்கு இந்தக் கணக்குகள் பொருந்துகின்றனவா என்று பார்க்க எத்தனை பேர் வேண்டும்? ஒரு கணக்கு ஓர் ஊர் மக்களுக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்கவே குறைந்தது 150 ஆண்களும் 150 பெண்களும் வேண்டும் என்று இத்துறை அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

முந்நூறு பேர்தானே, ஒரு ஜும்ஆவில் கிடைப்பார்களே என்று எங்கள் கூட்டத்தில் ஒரு சகோதரர் சொன்னார். நல்ல எண்ணம்தான். ஆனால் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளிக்கு வர முடிந்தவர்களை மட்டும் அளந்தால், மூச்சு முட்டி வீட்டில் இருப்பவர்கள் விடுபடுவார்கள். ஒரே சமூகத்தாரை மட்டும் அளந்தால் பக்கத்துத் தெரு மக்கள் விடுபடுவார்கள். இருமலோடு முகாமுக்கு வந்தவர்களை அளந்தால் நோயாளிகளின் அளவுதான் கிடைக்கும். எல்லா வயதிலும் உயரத்திலும், புகைபிடிக்காத, இளைப்போ காசநோயோ வந்திராத, தூசி வேலை செய்யாத மக்கள் வேண்டும். இயந்திரத்தைத் தினமும் 3 லிட்டர் சிரிஞ்சால் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று முறை சரியாக ஊத வேண்டும்.

ஆகவே இது ஒரு மருத்துவக் கல்லூரியோ ஆராய்ச்சி நிறுவனமோ செய்ய வேண்டிய வேலை. நம் பங்கு வேறு. அப்படி ஓர் ஆய்வுக் குழு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் எழுத்து மூலமான ஒப்புதல் படிவத்தோடும் வந்தால், ‘எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, நான் எதற்கு?’ என்று ஒதுங்காதீர்கள். ஒன்றும் இல்லாதவர்களின் மூச்சுதான் அங்கே தேவை. பெண்களும் தயங்காமல் முன்வர வேண்டும். நலமாக இருப்பவர் தரும் பத்து நிமிடம், முகம் தெரியாத ஒரு நோயாளிக்குச் செய்யும் தர்மம்.

உங்கள் அளவை நீங்களே எழுதி வையுங்கள்

இன்றே நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊர் சராசரியைவிட நம்பகமான அளவுகோல், நீங்கள் நலமாக இருந்தபோது ஊதிய உங்கள் சொந்த அளவு.

ஆஸ்துமா உள்ளவர்கள் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நின்றபடி, முள்ளைக் கீழே இறக்கி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, உதடுகளால் குழாயை இறுக்கிப் பிடித்து, ஒரே வீச்சில் ஊதுங்கள். மூன்று முறை ஊதி, அதிகமான எண்ணை எழுதுங்கள். உடம்பு நன்றாக இருக்கும் இரண்டு வாரங்களுக்குக் காலையும் மாலையும் இப்படிக் குறித்தால், அதில் வரும் உச்ச எண்தான் உங்கள் ‘சொந்தச் சிறந்த அளவு’. அது 400 என்று வைத்துக்கொள்வோம். 320-க்கு மேல் (80 சதவீதம்) இருந்தால் கவலையில்லை. 200-க்கும் 320-க்கும் இடையில் என்றால் மருத்துவர் சொல்லிவைத்த கூடுதல் மருந்தை எடுத்து, அவரைப் பார்க்க வேண்டும். 200-க்குக் கீழ் (50 சதவீதம்) போனால் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பட்டறையில் வேலை செய்பவர்கள் வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் தனித்தனியாகக் குறித்துப் பாருங்கள். வேலை நாட்களில் இறங்கி விடுமுறையில் ஏறினால், வேலையிடத்துக் காற்றுதான் காரணமாக இருக்கலாம். அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். வார்ப்பு மணல் தூசியால் வரும் சிலிகோசிஸ், சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். ஆரம்பத்தில் அது மூச்சுச் சோதனையில் தெரியாமலும் போகலாம், எக்ஸ்ரேயும் தேவை.

மூச்சுச் சோதனை அறிக்கை கைக்கு வந்ததும் இவற்றைக் கேளுங்கள்:

• எந்தக் கணக்கோடு ஒப்பிட்டீர்கள்? அதன் பெயரும் ஆண்டும் அறிக்கையில் உள்ளதா?
• என் உயரத்தைச் செருப்பில்லாமல் அளந்து எழுதினீர்களா, வாயால் கேட்டு எழுதினீர்களா?
• மூன்று முறையாவது சரியாக ஊதினேனா? சிறந்த இரண்டும் ஒத்துப்போனதா?
• சதவீதம் மட்டுமல்லாமல், லிட்டர் அளவு எவ்வளவு?
• முந்தைய அறிக்கையோடு ஒப்பிட்டால் எவ்வளவு மாற்றம்?

கடைசிக் கேள்விதான் ஆவடிப் பெரியவருக்கு உதவியது. அவருடைய மனைவி பத்து ஆண்டுகளுக்கு முந்தைய அறிக்கையை ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்திருந்தார். அன்று 2.9 லிட்டர், இன்று 2.2. புகைபிடிக்காத ஆரோக்கியமான ஒருவருக்கு வயதாவதால் ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 மில்லி லிட்டர் குறையும். பத்து ஆண்டில் 300. அவருக்குக் குறைந்திருந்தது 700. இயந்திரங்கள் வேறுவேறு என்பதால் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம் என்றாலும், அதை ‘நார்மல்’ என்று விட்டுவிட முடியாது என்று முகாமில் இருந்த மருத்துவர் சொல்லி, எக்ஸ்ரேக்கும் மேல் சிகிச்சைக்கும் எழுதிக் கொடுத்தார். இப்போது அவர் ஈ.எஸ்.ஐ. மூலம் சிகிச்சையில் இருக்கிறார்.

இளைஞரை அதே மருத்துவர் மறுபடி ஊதச் செய்தார். மூச்சுக்குழாயில் சுருக்கம் இல்லை, எக்ஸ்ரேயும் தெளிவு என்று சான்று எழுதிக் கொடுத்தார். போன வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பெண் வீட்டாரிடம் சொல்லும்படியாக எதுவும் இல்லை என்ற நிம்மதியோடு போனார். போகும்போது அவரிடம் இரண்டு விஷயம் சொன்னோம். பாலிஷ் வேலையில் வாயில் கைக்குட்டையைக் கட்டாதீர்கள், என்-95 முகக்கவசம் போடுங்கள். இந்த 3.1 லிட்டர் என்ற எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள், பத்து வருடம் கழித்து உங்களுக்கான படிக்கல் இதுதான்.

உங்கள் வீட்டிலும் பழைய அறிக்கைகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். அடுத்த முகாமுக்கு வரும்போது மறவாமல் கொண்டு வாருங்கள். அறிக்கையை உடனிருந்து படித்துச் சொல்ல, இன்ஷா அல்லாஹ், நாங்கள் இருப்போம். நாம் விடும் ஒவ்வொரு மூச்சும் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணிக்கொள்ளும் நல்லறிவை நம் எல்லோருக்கும் அவன் தருவானாக. ஆமீன்.